புது டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரியுது? ஒரு செட்டிங் கிளப்பிய சண்டை

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ஆஃபரில் தவணை போட்டு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கியாச்சு. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்து 'நாயகன்' போடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் கேட்பார்: "என்னப்பா, படம் சீரியல் மாதிரி தெரியுது?" இன்னொருத்தர், "நல்லா கிளியராத்தானே இருக்கு" என்பார்.

டிவியில் கோளாறு எதுவும் இல்லை. படத்தில் இல்லாத ஃப்ரேம்களை அது தானாகவே செய்து நடுவில் செருகுகிறது. இதற்குப் பெயர் மோஷன் ஸ்மூத்திங். பல டிவிகளில் பெட்டியைப் பிரித்து மாட்டும்போதே இது ஆன் ஆகித்தான் இருக்கும்.

24 எங்கிருந்து வந்தது?

சினிமா என்பது வேகமாக மாறும் போட்டோக்கள்தான். மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒலி வந்ததும் அது நடக்கவில்லை. ஃபிலிம் ஓடும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாடுகிறவர் குரல் கீச்சென்று போகும். அதனால் 1920-களின் கடைசியில் நொடிக்கு 24 ஃப்ரேம் என்று முடிவானது. குறைத்தால் ஒலி கெடும், கூட்டினால் ஃபிலிம் செலவு ஏறும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த கணக்கு அது. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல்.

24-ல் ஒவ்வொரு ஃப்ரேமும் பொதுவாக நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்குகிறது. அதற்குள் நடிகர் கையை வீசினால், கை லேசாக மங்கி இழுபடும். அந்த மங்கலும் சின்னத் துடிப்பும் சேர்ந்துதான் நாம் 'சினிமா மாதிரி' என்று சொல்லும் தோற்றம்.

டிவி கதை வேறு. இந்தியாவில் நாம் பார்த்து வளர்ந்த ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃப்ரேம். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வரும், ஆக 50 அசைவுகள். வீடியோ கேமராவில் எடுத்த சீரியல், கிரிக்கெட், நியூஸ் எல்லாமே இந்த 50-ல் வழுக்கிக்கொண்டு ஓடியவை. 24 என்றால் சினிமா, 50 என்றால் சீரியல் என்று நம் கண் பல வருஷமாகப் பழகிவிட்டது. எண்ணத் தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் இதை 'சோப் ஓபரா எஃபெக்ட்' என்கிறார்கள். உத்திரமேரூர் வீட்டில் சொன்னதும் அதே வார்த்தைதான்!

இடையில் ஒரு தகவல். அந்த ஒளிபரப்பில் சினிமா போடும்போது 24-ஐ 25 ஆக வேகப்படுத்தி ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். குரலும் ஒரு துளி உயரும். யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை.

டிவி உள்ளே என்ன நடக்குது?

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தது 14 இன்ச் பிக்சர் டியூப் பெட்டி. வந்த சிக்னலை அப்படியே காட்டும், சொந்தமாக யோசிக்காது. இன்றைய டிவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை ஒப்பிட்டு, "பஸ் இங்கே இருந்தது, அங்கே போயிருக்கு, அப்போ நடுவில் இங்கே இருந்திருக்கும்" என்று கணக்குப் போட்டு நடு ஃப்ரேமை வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 24-ஐ 60 ஆக்கினால் நொடிக்குக் குறைந்தது 36 ஃப்ரேம் டிவியின் கற்பனை. 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஐந்தில் நாலு!

கணக்கு தப்பும்போது குட்டு வெளிப்படும். கம்பி வேலிக்குப் பின்னால் ஓடுகிறவர், கூட்டத்தில் சுழலும் டான்ஸர், சண்டைக் காட்சியில் பறக்கும் கை என்று எங்கெல்லாம் ஒன்றை ஒன்று மறைக்கிறதோ, அங்கே உருவத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு விளிம்பு தெரியும்.

அப்போ கம்பெனிகள் ஏன் வைக்கிறார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. 24-ஐ 60-க்குள் சமமாகப் பங்கு போட முடியாது. ஒரு ஃப்ரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை காட்ட வேண்டும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் அது தடக் தடக்கென்று உதறும். திரை பெரிதானால் உதறலும் பெரிது. அதைச் சகிக்க முடியாதவர்கள் நிறைய பேர். அவர்களை 'ரசனை இல்லாதவர்' என்று ஒதுக்குவது நியாயமில்லை.

டாம் குரூஸ் வரைக்கும் போன விவகாரம்

2018 டிசம்பரில் 'டாப் கன்: மாவெரிக்' படப்பிடிப்பு நடுவே டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோ போட்டார்கள். வீட்டில் படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் போன்றவர்கள் ஆதரித்தார்கள். அந்த மோடைத் தேர்ந்தெடுத்தால் டிவி தன் கைவரிசையை எல்லாம் நிறுத்திவிடும்.

இவர்கள் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராம் இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்துச் செய்த வேலையை, வீட்டில் ஒரு சிப் படப்பிடிப்புத் தளத்தை நேரில் பார்ப்பதுபோல் ஆக்கிவிடுகிறது. ஊரோரம் டூரிங் கொட்டாய் இருந்த காலத்தில் ஃபிலிமில் கோடு விழுந்திருக்கும், ரீல் மாற்ற நாலு இடைவேளை விடுவார்கள். ஆனாலும் எடுத்த ஃப்ரேம்தான் திரையில் வந்தது. இன்றைக்குப் பல கிராமங்களில் கொட்டகையே வீட்டு டிவிதான்.

அதே சமயம் இயக்குநர்களே கூடுதல் ஃப்ரேமில் எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் ஜாக்சனின் 'ஹாபிட்' 2012-ல் 48 ஃப்ரேமில் வந்தது. செட்டும் மேக்கப்பும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று விமர்சனம் விழுந்தது. ஆங் லீ 2019-ல் 'ஜெமினி மேன்' படத்தில் 120-க்கே போனார். 2022-ல் ஜேம்ஸ் கேமரூன் 'அவதார்' இரண்டாம் பாகத்தில் சாமர்த்தியம் செய்தார்: எல்லாக் காட்சிக்கும் இல்லாமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் 48. ஆனால் இது வேறு, டிவி செய்வது வேறு. அங்கே கேமரா உண்மையில் பிடித்த ஃப்ரேம்கள், இங்கே யூகம்.

நம்ம டிவியில் எங்கே இருக்கு?

ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய மாடலில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'), பல ஆண்ட்ராய்டு டிவிகளில் 'எம்.இ.எம்.சி.'. பிக்சர் செட்டிங்ஸுக்குள் தேடினால் கிடைக்கும். சிலதில் 'டீ-ஜட்டர்' என்று அளவு கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. முழுசாக அணைத்தால் உதறல் கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் ஒன்று, இரண்டில் வைத்துப் பார்க்கலாம்.

பசங்க கேம் ஆடும்போது மட்டும் கண்டிப்பாக ஆஃப். நடு ஃப்ரேம் வரைய, டிவி அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் வரும். கிரிக்கெட்டுக்கு ஆன் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை.

குடவோலை கண்ட ஊர் என்பதற்காக இதற்கும் வீட்டில் ஓலை போட வேண்டியதில்லை. பல டிவிகளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் பிக்சர் செட்டிங் தனித்தனியாகச் சேமிக்கப்படும். செட்டாப் பாக்ஸ் வரும் எச்.டி.எம்.ஐ.-யில் ஸ்மூத்திங்கை ஆன் செய்து விட்டுவிட்டு, ஓடிடி ஆப் பார்க்கும்போது மட்டும் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.