மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்

ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் மீக்கணினியில் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. மின்சாரம் நின்றால் கணுவின் ரேமில் இருப்பது அழிந்துவிடும். எஸ்எஸ்டி தகவலைக் காக்கும், ஆனால் வேகம் போதாது. இரண்டுக்கும் நடுவே வந்தது நிலைநினைவகம். இன்டெல் 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆப்டேன் தொகுதிகளே இதில் பெயர்பெற்றவை. ரேம் செருகும் இடத்திலேயே இவற்றைச் செருகலாம். ஒவ்வொன்றும் 128 முதல் 512 ஜிபி வரை.

ஆனால் இதைப் பயன்படுத்துவதில் சிக்கல் ஒரே கணுவுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. நிரல் எழுதும் தகவல் முதலில் செயலிக்குள் இருக்கும் கேஷ் என்னும் சிறு நினைவகத்தில்தான் நிற்கும். அங்கிருந்து இறங்குவதற்குள் மின்சாரம் போனால் போனதுதான். ஆகவே 64 பைட் கேஷ் வரியை நினைவகத்துக்குத் தள்ளவும், அது முடியும்வரை காத்திருக்கவும் நிரலே கட்டளையிட வேண்டும். பாதியில் அறுபடாமல் எழுதப்படும் என்ற உறுதி 8 பைட்டுக்கு மட்டுமே உண்டு. ஒரு பட்டியலில் புதிய பதிவைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவு முழுதும் நினைவகத்தில் இறங்கிய பிறகே அதைச் சுட்டும் 8 பைட் முகவரியை மாற்ற வேண்டும். வரிசை பிசகினால் முகவரி குப்பையைச் சுட்டும். கணினியை அணைத்துப் போட்டாலும் அந்தக் குப்பை போகாது. ரேமில் இந்தத் தொல்லை இல்லை.

கணுக்களுக்கிடையே நிலைமை இன்னும் மோசம். ஆர்டிஎம்ஏ முறையில் வலையட்டை, எதிர்க்கணுவின் செயலியைத் தொந்தரவு செய்யாமலே அதன் நினைவகத்தில் எழுதிவிடும். ஆனால் ‘முடிந்தது’ என்று பதில் வரும் நேரத்தில் தகவல் அங்குள்ள வலையட்டையிலோ கேஷிலோ தங்கியிருக்கலாம். இதற்கு நிரலர்கள் கண்ட வழி, எழுதிய கையோடு அதே இணைப்பில் ஒரு படிப்புக் கோரிக்கையை அனுப்புவது. முன்னே போன தகவலை அது தள்ளிக்கொண்டு போகும். வலையட்டை நேரே கேஷில் எழுதும் வசதியை அணைத்துவைத்தால்தான் இதுவும் பலிக்கும். ஒட்டுவேலைதான். பின்னாளில் இன்பினிபேண்ட் என்னும் வலையிணைப்பு முறையின் விதிகளிலேயே இதற்கெனத் தனிக் கட்டளை சேர்ந்தது.

கணுவே செயலிழந்தால் தகவல் அழியாது, எடுக்கத்தான் முடியாது. அதனால் பிற கணுக்களிலும் நகல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் அர்கான் ஆய்வகத்தில் உள்ள அரோரா மீக்கணினியில் இந்தப் பொறுப்பு டிஏஓஎஸ் என்னும் சேமிப்பு மென்பொருளுடையது. சிறு தகவல்களையும், எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளையும் ஆப்டேனில் வைத்து, பெரிய தகவல்களை எஸ்எஸ்டிக்கு அனுப்பும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

2022இல் இன்டெல் ஆப்டேனைக் கைவிட்டது. டிஏஓஎஸ் குழு குறிப்புகளை ரேமில் வைக்கும் வழியையும் சேர்த்தது. அந்த வழியில் ஒவ்வொரு மாற்றமும் முதலில் எஸ்எஸ்டியில் உள்ள பதிவேட்டில் ஏறுகிறது; கணு விழுந்து எழுந்தால் அதைப் படித்துக் குறிப்புகளை மீட்டுக்கொள்கிறது.