கரையும் தையல், கரையும் மருந்து உருண்டை

தையல் நூலின் உறவு

“தையல் பிரிக்க வர வேண்டாம், தானே கரைந்துவிடும்” என்று ஆபரேஷன் முடிந்ததும் சொல்வார்களே, அந்த நூலின் நெருங்கிய உறவுதான் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமும் கோத்த சங்கிலி இது. உடலின் நீர் பட்டுக் கண்ணி கண்ணியாக அறுந்து, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக முடியும். உள்ளே மருந்தை வைத்து உருட்டினால், அறுவதற்கு ஏற்ப மருந்து கசியும்.

மாதம் ஒரு ஊசி

புற்றுநோய்க்கான பெப்டைடு மருந்துகளுக்கு இந்த உருண்டையின் பாதுகாப்பு தேவைப்படுகிறது. பெப்டைடு குட்டிப் புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப்போகும். ஊசியில் ஏற்றினாலும் நொதிகள் விரைவில் சிதைத்துவிடும்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் லியூப்ரோலைடில் 9 அமினோ அமிலங்கள். முதலில் தினமும் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பி.எல்.ஜி.ஏ. நுண்ணுருண்டைகளில் அடைத்து, மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு 1989-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்து புற்றணுவை நேராகத் தாக்குவதில்லை. பிட்யூட்டரி சுரப்பியை ஓயவைத்து, புற்றுக்குத் தீனியான டெஸ்டோஸ்டிரோனை வற்றச் செய்கிறது.

முதல் ஊசிக்குப் பிறகு

ஓய்வதற்கு முன் அந்தச் சுரப்பி ஒருமுறை துள்ளும். ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், எலும்பு வலி கூடலாம். “ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் பயப்படுவது இங்கேதான். இதைத் தடுக்கவே சிலருக்கு முன்கூட்டி மாத்திரை தருகிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ கால் பலம் குறைந்தாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பின்னாளில் உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கும், எலும்பும் மெலியலாம்.

நானோ எந்த இடத்தில்?

மேலே சொன்ன உருண்டைகள் மைக்ரோ அளவு. குத்திய இடத்திலேயே தங்கும். நானோ துகளோ சுமார் 100 நானோமீட்டர் அளவில் இருந்தால் ரத்தத்தோடு ஓடும். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! கட்டிக்குள் அவசரமாக முளைத்த ரத்தக்குழாய்கள் ஒழுகும், துகள் அங்கே தேங்கும் என்று ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் 1986-ல் காட்டியதுதான் இந்தத் துறையின் நம்பிக்கை.

நம்பிக்கை கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டது என்பேன். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையில், செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 சதவீதம்தான், அதுவும் பெரும்பாலும் எலிகளில். கல்லீரலும் மண்ணீரலும் நிறையவே அள்ளிக்கொள்கின்றன. பெப்டைடு சுமக்கும் நானோ துகள்கள் பெரிதும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. வாட்ஸப்பில் “நானோ புற்று மருந்து” வந்தால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, மனிதர்களுக்கு அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். அதுவரை மாத ஊசியின் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.