பத்தாம் தலைமுறையில் டிராகன் மிஞ்சுமா?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மந்திரவாதிக்குப் பத்துத் தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒரு டிராகன். அவன் உடம்பில் 1024-ல் ஒரு பங்கு டிராகன் இருக்கும், சரிதானே?” சராசரிக் கணக்கு சரி. ஆனால் இந்த ஒரு பேரனைப் பொறுத்தவரை, அவனிடம் டிராகனின் டிஎன்ஏ ஒன்றுமே இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த ஆட்டம் 1974-ல் வந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். அதையொட்டி 1984-ல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ கதைகளில், டிராகன் முட்டைகளை மந்திரத்தால் கெடுத்து டிராகோனியன் படையை உண்டாக்கினார்கள். டிராகன் சாயலுள்ள டிராகன்பார்ன் இனம் 2008-ல் அடிப்படை விதிநூலில் இடம்பிடித்தது. வரலாறு இவ்வளவு போதும்.

கலப்பில் பிறந்த முதல் குழந்தைக்கும் பிள்ளை பிறக்கும் என்று வைத்துக்கொள்வோம். (கோவேறு கழுதைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.) அந்த மகளிடம் ஒவ்வொரு குரோமோசோம் இணையிலும் ஒன்று டிராகன் தந்த கனகாம்பரச் சரம், மற்றது மனிதர் தந்த மல்லிகைச் சரம். பிள்ளைக்கு ஒரு சரம்தான் கொடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றிரண்டு இடத்தில் வெட்டி, மாற்றி முடிந்து, ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். மற்றது அவளோடு நின்றுவிடும். அடுத்த தலைமுறையில் இந்தக் கதம்பச் சரம் இன்னொரு முழு மல்லிகையோடு சேர்ந்து மறுபடி வெட்டுப்படும். கனகாம்பரத்தின் நிறம் ஒருநாளும் வெளுப்பதில்லை. சரம் துண்டாகும், துண்டு தொலையும், அவ்வளவுதான். எட்டாம் தலைமுறையில் அக்காளின் கூந்தலில் விரல் நீளத்துக்குக் கனகாம்பரம் இருக்கும், தங்கைக்கு ஒரு பூகூட இருக்காது. இருவரும் அதே பாட்டியின் பேத்திகள்தான். பூ இருப்பவளுக்கு உறவு கூடுவதில்லை, இல்லாதவளுக்குக் குறைவதுமில்லை.

மனிதக் கணக்கில், பாலினக் குரோமோசோம்களை விட்டால் 22 சரங்கள். தலைமுறைக்குச் சராசரியாக 33 வெட்டு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் தந்தை வழியில் மட்டும் 512 மூதாதையர். அவர்களிடமிருந்து வந்து சேரும் துண்டுகளோ சுமார் 320. பாதிப்பேருக்கு மேல் வெறுங்கைதான். பழைய ராஜாவின் டிஎன்ஏ உங்களிடம் இருக்கிறது என்று ஆசைகாட்டும் வம்சாவளிச் சோதனை விளம்பரங்களை இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும்.

துண்டின் நீளமே காலத்தைச் சொல்லும். ருமேனியாவின் ஓவாசே குகையில் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையான தாடை எலும்பில் 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ இருந்ததை 2015-ல் கண்டார்கள். துண்டுகள் அவ்வளவு நீளமாக இருந்ததால், நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள்தான் கலப்பு நடந்தது என்று சொல்ல முடிந்தது.

அப்படியானால் மாணவரின் மந்திரவாதிக்கு வழியே இல்லையா? இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால், திரும்பாத இணையோடு அங்கே துண்டு மாற்றிக்கொள்வது ஏறக்குறைய நின்றுபோகும். ரஃப் என்னும் நீர்க்கரைப் பறவையில் இப்படித் திரும்பிய பகுதியில் சுமார் 125 மரபணுக்கள் உள்ளன. திரும்பியது ஏறக்குறைய 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. சில ஆண் பறவைகளின் சிறகு நிறம், உடல் அளவு, பெட்டையைக் கவரும் முறை எல்லாம் அந்த ஒரே கட்டில் சேர்ந்தே வருகின்றன.

டிராகனின் செதில், நெருப்புச் சுரப்பி, அதை இயக்கும் நரம்பு ஆகியவற்றின் மரபணுக்களும் இப்படி ஒரே திருப்பத்துக்குள் இருந்தால்? வந்தால் எல்லாம் வரும், இல்லையேல் ஒன்றும் வராது. டிராகன்பார்னுக்குப் பத்து வகை மூதாதையரில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், கறுப்பென்றால் அமிலம், வெள்ளையென்றால் குளிர் என்ற 2014 விதிநூலின் கண்டிப்போடும் இது நன்றாகப் பொருந்துகிறது.

ஆகவே அந்த மாணவர் 1024-ஐ அழித்துவிடலாம். பாட்டியின் இரண்டு பிரதியிலும் திருப்பம் இருக்கும் என்பதால் முதல் பிள்ளைக்கு அது நிச்சயம். பிறகு தலைமுறைக்கு ஒன்றாக ஒன்பது முறை நாணயம் சுண்ட வேண்டும்; ஒன்பதும் தலை விழ 512-ல் ஒரு வாய்ப்பு. விழுந்துவிட்டால் ஒரு செதில்கூடக் குறையாது.