பெட்டிப் பாம்பின் பட்டினி

அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பைக் கிராமத்தில் வாழும் குறவர் சமூகத்தினர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். பாம்பாட்டம் அவர்களுடைய முன்னோரின் தொழில். மகுடிக்குப் படமெடுத்த நாகத்தை நேரில் பார்த்த தலைமுறை அம்பாறைக் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பாம்பு எதைத் தின்னும் என்று அந்தத் தலைமுறையினரிடம் கேட்டால், பாலும் முட்டையும் என்பார்கள். பாம்பாட்டிகள் பால் வைத்தே மாதக்கணக்கில் வளர்த்தார்களே, அது சாகவில்லையே என்று காரணமும் சொல்வார்கள். இந்தக் காரணம்தான் தவறானது. ஆடோ கோழியோ உயிரோடு இருந்தால் அதற்குத் தீனி கிடைக்கிறது என்று பொருள். பாம்பு விடயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

2007இல் அமெரிக்க ஆய்வாளர் மார்ஷல் மெக்யூ மூன்று வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். அவை உடலின் சக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தன. பட்டினியிலும் சில பாம்புகள் நீளத்தில் வளர்ந்தன என்பதுதான் வியப்பு. பாம்பு தன் உடலைச் சூடாக்கத் தீனியைச் செலவழிப்பதில்லை, வெயிலும் மண்ணும் தரும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதனால் அதே எடையுள்ள எலிக்குத் தேவைப்படும் உணவில் சிறு பங்கே அதற்குப் போதும். பெட்டிக்குள் அடங்கிக் கிடந்த நாகம் தன் சதையையும் கொழுப்பையும் கரைத்துத்தான் நாள் கடத்தியது. பாலை அது குடித்ததும் உண்மைதான், ஆனால் தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்த ஈரத்தையும் குடிக்கும். பாலூட்டி இனமல்லாத அதன் குடலுக்குப் பால் ஒத்துவராது. பல்லைப் பிடுங்கிய பாம்பின் நிலை இன்னும் மோசம். வாய் புண்ணாகிச் சீழ் பிடித்தால், எலியையே முன்னால் விட்டாலும் அதனால் விழுங்க முடியாது.

விழுங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தால்தான் அடைபட்ட பாம்பு ஏன் இரையை மறுக்கிறது என்பது புரியும். சாரை எலியைப் பிடித்ததும் நாக்கை நீட்டி நீட்டித் தலைப்பக்கத்தைத் தேடுகிறது. தலை முதலில் போனால்தான் கால்களும் மயிரும் தொண்டையில் சிக்காமல் மடங்கும். தாடை கழன்றுகொள்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டாமல் இழுபடும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. கிணற்றுக் கயிற்றை இரு கைகளாலும் மாறி மாறி இழுப்பது போல, ஒரு பக்கம் பிடித்திருக்க மறுபக்கம் முன்னேறிக் கொக்கிப் பற்களால் இரையை உள்ளே தள்ளுகிறது. வாய் முழுக்க அடைபட்டிருக்கும்போது மூச்சுக்குழலின் வாயைக் கீழ்த்தாடைக்கு மேலாக முன்னுக்கு நீட்டிச் சுவாசிக்கிறது. அதற்குப் பிறகு வயிற்றுக்குள் நடப்பது அதைவிடப் பெரிய வேலை. நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தியின் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும், அதன் உடலின் சக்திச் செலவு ஓய்விலிருந்ததைப் போல 40 மடங்கு வரை ஏறுகிறது. இரண்டே நாளில் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் பெருத்தது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. குடலும் பருத்து, செரித்து முடிந்ததும் மீண்டும் சுருங்குகிறது. இந்த நாட்களில் பாம்பால் வேகமாக ஓட முடியாது. உடற்சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். ஆகவே சூடும் மறைவிடமும் உறுதியானால்தான் அது வாயைத் திறக்கும். மனிதர் வந்து எட்டிப் பார்க்கும் கண்ணாடித் தொட்டிக்குள் எலியைத் திரும்பியும் பாராமல் கிடப்பதைப் பிடிவாதம் என்று நினைக்கிறோம். பாதுகாப்பில்லாத இடத்தில் அது எடுக்கும் சரியான முடிவு அது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே மலைப்பாம்பு வளர்க்கிறார்களே, உறைநிலையில் வைத்த எலியை இளக்கிக் கொடுத்தால் தின்கிறதே என்று கேட்கலாம். தின்கிறது. அவற்றிற் பெரும்பாலானவை கூட்டிலேயே பிறந்து, சிறு வயதிலிருந்து செத்த இரைக்குப் பழகியவை. கூட்டின் ஒரு முனையில் சூடு, மறுமுனையில் குளிர்ச்சி, ஒளிந்துகொள்ள இடம் என்று காட்டின் நிலையை அவர்கள் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். அப்படியிருந்தும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு மாதக்கணக்கில் இரை மறுப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். வயல் வரம்பில் பிடித்த சாரையை வாளியில் போட்டு மூடி வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெங்கிணாந்தி என்றால் சட்டமும் குறுக்கே நிற்கிறது: வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிரினம் அது.

மருந்துக்கு விஷம் எடுக்கவாவது பாம்பை வைத்திருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்கு நீண்ட காலமாக ஏற்றப்பட்டுவருவது இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பரம்பரையாகப் பாம்பு பிடித்த அந்த இருளர்கள் பாம்பை நிரந்தரமாக அடைத்து வைப்பதில்லை. மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். பாம்பை நன்றாக அறிந்தவர்களின் இந்த வழக்கம், பாம்பை அடைத்து வைக்கக் கூடாது என்ற என் வாதத்துக்கு வலுவான துணை.

பெட்டிக்கு வெளியே, கல்லோயாத் தண்ணீர் பாயும் வட்டைகளில் சாரைக்கும் நாகத்துக்கும் இரைக்குப் பஞ்சமில்லை. வெள்ளாமையை வெட்டித் தின்னும் எலியும் அகழானும் வரம்புப் பொந்துக்குள் குட்டி போடுகின்றன. பொறியும் நஞ்சும் எட்டாத அந்தப் பொந்துக்குள் பாம்பு நுழைந்துவிடும். எலிக்காய்ச்சல் வயல்காரரின் நோயாக இருக்கும் நாட்டில் அந்த வேட்டை சிறிய உதவியல்ல. வரம்போரத்தில் வயிறு புடைத்த பாம்பைக் கண்டால் கம்பால் கிளறக் கூடாது. கலவரப்பட்ட பாம்பு தப்பி ஓடுவதற்காக விழுங்கிய எலியைக் கக்கிவிடும், அத்தனை உழைப்பும் வீணாகும். தள்ளி நின்றால் போதும், அது தானே பொந்து தேடிப் போகும். வீட்டுக்குள் வந்துவிட்டால், கையை நீட்டாமல் ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.