பி.காம். படிக்கிறேன், நெல்லுக் கணக்கும் தெரியும்

நான் அம்பத்தூர்ப் பொண்ணு. பி.காம். மூன்றாம் ஆண்டு. எங்க ஊருன்னாலே 1964-ல் வந்த தொழிற்பேட்டைதான் பலருக்கும் ஞாபகம் வரும். அப்பாவும் அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். தாத்தாவோ ஏரித் தண்ணீரில், குத்தகை நிலத்தில் நெல் போட்டவர். அந்த வயலெல்லாம் மனைகளாகிவிட்டன. அதில் எழும்பிய ஒரு வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.

அதிகம் பேச மாட்டேன், கணக்கை மட்டும் விடமாட்டேன். மாடியில் 20 பையில் கத்தரி, வெண்டை. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா தெளிப்பேன். வாடைக்கு முகம் சுளிக்கும் வீட்டுக்காரம்மா, கத்தரிக்காயை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வங்கித் தேர்வு எழுதணும்கிறது அம்மாவின் ஆசை. எழுதுவேன். சம்பளம் வந்ததும் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் எடுத்து மாப்பிள்ளைச் சம்பா போடணும். "குத்தகைக்காரர் பேத்திக்கு மறுபடியும் குத்தகையா?" என்கிறார் அப்பா.

ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் அய்யா 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். வட்டி நூறு சதம், ஆனா கொடுத்தவங்க யாருக்கும் நட்டமில்லை! இதை எங்க வகுப்பில் யாரும் நடத்தல.

குத்தகைப் பணத்துக்குச் சீட்டு கட்ட ஆரம்பிச்சாச்சு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.