பணம் கைமாறக் கூடாது: எஃப்சிஆர்ஏ தடை யாரைத் தாக்குகிறது?

வெளிநாட்டு நன்கொடைக் கணக்கை எஃப்சி-4 படிவத்தில் தாக்கல் செய்ய டிசம்பர் 31 கடைசி நாள். ஆனால் வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் மில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவர்களின் கடிதங்களில் இருப்பது வேறு கேள்வி: பெரிய அமைப்புகள் முன்பு அனுப்பிய பணத்தை இப்போது ஏன் அனுப்புவதில்லை?

அனுப்பினால் குற்றம். வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டத்தில், அதாவது எஃப்சிஆர்ஏவில், 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட 7ஆவது பிரிவு, வெளிநாட்டு நன்கொடையை வாங்கியவர் வேறு எவருக்கும் மாற்றித் தருவதைத் தடுக்கிறது. அதற்கு முன், பதிவு பெற்ற அமைப்புகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடிந்தது. பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்கவே இந்தத் தடை என்கிறது அரசு. நம்ப முடியவில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உள்துறை அமைச்சகத்திடம்தானே கணக்குக் காட்டிவந்தார்கள்?

சரி, சின்ன அமைப்பே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளட்டும் என்பார்கள். அங்கேதான் முடிச்சு. அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டுகளில் முதன்மைப் பணிக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். கோயில் மண்டபத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ இரண்டு ஆசிரியைகளை வைத்து வகுப்பு நடத்துகிறவர்கள் இந்தத் தொகையை எங்கே போய்த் திரட்டுவார்கள்? முன்அனுமதி என்று இன்னொரு வழி உண்டு. அதற்குக் குறிப்பிட்ட நன்கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். கிராமத்து வகுப்பை அந்த நன்கொடையாளருக்குத் தெரியப்படுத்தியதே இடையிலிருந்த பெரிய அமைப்புதான். யாரையும் கைது செய்யாமல், எந்த வகுப்பையும் பூட்டாமல், அடிமட்ட அமைப்புகளை இந்தப் பிரிவு உலர்த்திவிடுகிறது.

இந்தச் சட்டம் பிறந்தது 1976இல், நெருக்கடி நிலையின்போது. ஜெயப்பிரகாஷ் நாராயணனுடன் நின்ற சர்வோதய ஊழியர்கள் பலர் சிறையில் இருந்த காலம் அது. 2010இல் வந்த புதிய சட்டம் பதிவுக்கு ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அதன்பின் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அரசின் தயவை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

இனி, மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. நீதிமன்றம்? வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்று கூறி, 7ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஏற்றுவிட்டது.

நிர்வாகச் செலவு? வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதம் வரை, முன்பு 50.

வங்கிக் கணக்கு? பணம் முதலில் வரவேண்டியது டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளைக்கு.

உள்ளூர் நன்கொடை? அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பதிவு இருந்தும் இந்த ஆண்டு பணமே வரவில்லையா? அப்போதும் ‘வரவு இல்லை’ என்று படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், விட்டுவிடாதீர்கள்.