மட்குக் குவியலில் பசுமையும் சருகும்

செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. சென்னை மாநகரின் குடிநீருக்குப் பெருந்துணையாய் விளங்குவது. இதன் சுற்றுப்புறத்திலிருந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகியபின், மாடும் வைக்கோற்போரும் எருக்குழியும் இருந்த மனைகள் பலவற்றில் வாடகைக் குடியிருப்புகள் எழுந்தன. அடுக்களைக் கழிவு எஞ்சியது. அதனோடு சேரவேண்டிய வைக்கோல் மறைந்தது. இன்று வீட்டு மட்குக் குவியல் நாறுவதற்கு முதற்காரணம் இதுவே எனலாம்.

கழிவை மட்கச் செய்வன நுண்ணுயிர்கள். அவற்றிற்குக் கரிமம் எரிபொருள். நைட்ரஜன் உடல் வளர்க்கும் உணவு. கரிமம் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் இருத்தல் ஏற்றது. காய்கறித் தோலிலும் பசுந்தழையிலும் நைட்ரஜன் மிகுதி. சருகு, வைக்கோல், அட்டை ஆகியவற்றில் கரிமம் மிகுதி. நிறத்தை நம்பலாகாது; சாணமும் காப்பிச் சக்கையும் பழுப்பாயினும் பசுமை இனத்தையே சார்ந்தவை.

ஒரு கணக்கைக் காண்போம். ஒரு கிலோ காய்கறிக் கழிவில் ஏறத்தாழ 850 கிராம் நீரே. எஞ்சியதில் கரிமம் 60 கிராம், நைட்ரஜன் 4 கிராம், விகிதம் 15. இதனோடு 200 கிராம் சருகு சேர்த்தால் விகிதம் 25 ஆகும். ஆயினும் ஈரம் 72 விழுக்காடாக நிற்கும். வேண்டுவதோ 50 முதல் 60 வரை. சருகை 400 கிராமாக்கினால் விகிதம் 30ஐ ஒட்டி நிற்கும். ஈரமும் 64 விழுக்காட்டிற்குத் தாழும். எஞ்சிய மிகையைக் குவியலின் வெப்பமும் காற்றும் போக்கிவிடும். எடையில் பாதிக்கும் குறைவான இச்சருகு, பருமனில் கழிவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஒரு கூடைக்கு ஒரு கூடை என்று இடுவோர் இங்கேதான் இடறுகின்றனர்.

பசுமை மிஞ்சினால் அம்மோனியா நெடி எழும். பயிருக்குரிய சத்து காற்றில் கலக்கிறது என்பது அதன் பொருள். அழுகல் நாற்றமோ காற்றோட்டமின்மையால் வருவது. சருகிட்டுக் கிளறுதல் இரண்டிற்கும் மருந்தாகும். சருகு மிஞ்சினால் நாற்றமிராது. குவியல் சூடேறாமல் மாதக்கணக்கில் உறங்கும்.

இக்கலவை முறையை இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆய்ந்து வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். தாவரக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றைக் கலந்து, உரிய காலத்தில் புரட்டியதே அவர் முறை.

வைக்கோலற்ற வீட்டிற்கு அட்டைப்பெட்டி உதவும். ஒட்டுநாடாவை நீக்கிக் கிழித்து, நனைத்து இடலாம். பசை கலந்த ஒட்டுப்பலகைத் தூள் ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் மூடாத குவியலிலிருந்து வடியும் சாறு ஓடைவழி ஏரியை அடைந்தால், ஆகாயத்தாமரைக்கே உரமாகும். மழைக்காலத்தில் உலர்ந்த சருகு கிட்டாது. மாசி, பங்குனியில் உதிரும் இலைகளைக் கொளுத்திவிடாமல் கோணிகளில் சேர்த்து வைத்தால், ஐப்பசி, கார்த்திகையில் கைகொடுக்கும்.